கூடை சுமந்த முதுகு

கேமரன் மலையில் விடியல் மெல்ல வரும். பள்ளத்தாக்கில் படுத்துக் கிடக்கும் பனிமூட்டம் முதலில் தேயிலைச் செடிகளின் தலையை விட்டு நீங்கும். பின்னர் லயத்து வீடுகளின் கூரைகள் தெரியும். அதன் பின்னரே கதிரவன் முகம் காட்டுவான். அந்த விடியலுக்கு முன்பே எழுந்து பழகியவள் அந்த மூதாட்டி. வயது 73. பதினைந்து வயதில் கூடையை முதுகில் மாட்டியவள். தோட்ட வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும், பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் கண் விழிக்கும் பழக்கம் அவளை விடவில்லை. ஆனால், ஆறு வாரங்களாக அவள் விழித்தெழவில்லை. உறங்கினால் அன்றோ விழிப்பதற்கு? நடுமுதுகுக்குக் கீழே ஒரு வலி. பகலில் அடங்கியிருப்பது போலத் தோன்றும். இரவு படுத்ததும் தலைதூக்கும். படுக்கையில் புரளவும் முடியாமல், விடியும் வரை சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

வீட்டார் வியப்படையவில்லை. அவளே வியப்படையவில்லை. "கூடை தூக்கின முதுகு, வலிக்காமல் என்ன செய்யும்?" என்றாள். அண்டை வீட்டார் வாயு என்றனர். ஒருவர் தைலம் கொடுத்தார். ஒருவர் வெந்நீர் ஒத்தடம் சொன்னார். வலிக்கு மாத்திரை வாங்கி விழுங்கினாள். அதுவும் சில மணி நேரத்திற்கே உதவியது. முதுகுவலி என்பது தோட்டத்து முதியோருக்குப் புதிய செய்தியா? முதுமைக்கு நரை எப்படியோ, தோட்டத்து வாழ்வுக்கு முதுகுவலி அப்படி என்றே அனைவரும் எண்ணியிருந்தனர்.

அவ்வாறு எண்ணியதில் பொருளில்லாமல் இல்லை. இந்த மலையின் வரலாறே முதுகுகளின் வரலாறு. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதியை ஆராய்ந்து குறித்தார். அவர் பெயர் மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டமும் தோன்றியது. பெயர்கள் ஏட்டில் நின்றன. காட்டைத் திருத்தி, சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து கிள்ளியவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்தம் மக்களும் மிகப் பலர். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் முதுகில் மட்டும் அந்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. இன்று கொழுந்து எடுக்க இயந்திரங்கள் வந்துவிட்டன. அயல்நாட்டுத் தொழிலாளரும் மிகுந்துவிட்டனர். எனினும் கூடை சுமந்த தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. அது வளைந்த முதுகோடு, வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டு அமர்ந்திருக்கிறது.

அத்தலைமுறைக்கு ஒரு குணம் உண்டு. வலியை வெளியே சொல்லாது. மழையிலும் குளிரிலும் அட்டைக் கடியிலும் நின்று கூலி பெற்றவர்கள், வலிக்கிறது என்று சொன்ன நாளில் கூலி இழந்தவர்கள், பொறுத்துக்கொள்வதையே அறமாகக் கற்றுக்கொண்டார்கள். பொறுமை பெரிய பண்புதான். ஆனால், சில வேளைகளில் அந்தப் பண்பே பகையாகிவிடும்.

ஆசிரியர் பயிற்சியில் இருந்த பேத்தி விடுமுறைக்கு மலையேறி வந்தாள். பாட்டியின் சட்டை தொளதொளவென்று தொங்குவதை முதலில் கண்டாள். மறுநாள் காலை, பின்கட்டுக்கு நடந்து சென்ற பாட்டியின் இடக்காற் செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. பாட்டியோ அதை அறியாமல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.

"பாட்டி, செருப்பு கழன்றது தெரியவில்லையா?"

"தெரியலையே அம்மா. வயசான கால், அப்படித்தான் இருக்கும்."

பேத்தி காலைப் பிடித்துப் பார்த்தாள். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னாள். அது சரியாகத் தூங்கவில்லை. பாதத்தின் ஓரத்தில் ஆறியும் ஆறாமலும் இருந்த ஒரு புண்ணின் வடு தெரிந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் கல் குத்திய புண் என்றாள் பாட்டி. அவளுக்குப் பத்தாண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. பேத்தி மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனாலும் ஓய்வில் தணியாத வலி, உடல் மெலிவு, கால் தளர்ச்சி ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால், அது வெறும் மூப்பாக இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அன்றே பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். மருத்துவர் முதுகெலும்பின் ஓரிடத்தை விரலால் மெல்லத் தட்டினார். ஆறு வாரங்களாக முனகாத மூதாட்டி அப்போது வாய்விட்டு அலறினாள். இரத்தச் சோதனையில் அழற்சியின் அளவு மிக உயர்ந்திருந்தது. உடனே ஈப்போவுக்கு அனுப்பினார்கள்.

கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையில் வண்டி வளைந்து வளைந்து சென்றது. ஒவ்வொரு வளைவிலும் மூதாட்டி பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "முதுகுவலிக்கு இவ்வளவு தூரமா?"

அந்த வினாவுக்கு விடை காண, முதுகெலும்பின் அமைப்பைச் சற்றே அறிய வேண்டும். முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற ஓர் இடைத்தட்டு உண்டு. அவற்றின் பின்னே தண்டுவடமும் நரம்புகளும் செல்கின்றன. காலில் ஏற்பட்ட புண், சிறுநீர்ப் பாதையில் தோன்றிய அழற்சி, தோலில் எழுந்த கட்டி ஆகிய ஏதோ ஒன்றிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து, குருதி மிகுந்த முள்ளெலும்பில் சென்று தங்குகிறது. அங்கிருந்து இடைத்தட்டைத் தின்னத் தொடங்குகிறது. இடைத்தட்டுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆகையால் உடலின் காவற்படையும் மருந்தும் அங்கே எளிதில் சென்று சேர்வதில்லை. சீழ் திரள்கிறது, எலும்பு அரிக்கப்படுகிறது, நரம்பு நசுக்கப்படுகிறது. நரம்பு நெடுநாள் நசுங்கினால் கால்கள் செயலிழக்கும். சிறுநீரும் கட்டுக்குள் நில்லாது. முதியோரிடம் இந்நோய் இன்னும் வஞ்சகமானது. காய்ச்சல் தோன்றாமலே வரும். தேய்மானம் என்னும் முகமூடியை அணிந்துகொண்டு வரும். நீரிழிவு அதற்குக் கதவைத் திறந்துவிடும். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. அந்தக் கதவு யார் வீட்டில் அகலத் திறந்திருக்கிறது என்பதை இவ்வெண்கள் சொல்லும். 

முதுகெலும்பைக் கிருமி தாக்குவது புதிய செய்தியன்று. 1779-இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், முதுகு கூனிக் கால்கள் தளரும் நோயை விளக்கி எழுதினார். அது காசநோயால் விளைவது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. மருந்து இல்லாத அக்காலத்தில் நோயாளரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடத்தினர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காசநோய்க்கு மருந்துகள் பிறந்தன. 1956-இல் ஹாங்காங்கில் ஹாட்சன், ஸ்டாக் என்னும் இரு மருத்துவர்கள், முன்புறமாகத் திறந்து நோயுற்ற எலும்பை முற்றிலும் நீக்கி, வேறு எலும்பை வைத்து ஒட்டும் பேரறுவையைப் பற்றி எழுதினர். அது உலகெங்கும் புகழ் பெற்றது. அப்படியானால் ஏழை நாடுகளின் எளிய நோயாளர் என்ன செய்வது? பேரறுவைக்கு வாய்ப்பில்லாதவர் அழிய வேண்டியவர்தாமா?

இந்த வினாவுக்கு விடை தேடிய நகரங்களுள் ஒன்று சென்னை. அங்குச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நுரையீரல் காசநோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. பின்னர் முதுகெலும்புக் காசநோயையும் அது எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினருக்குப் பேரறுவையும் ஆறு மாத மருந்தும். மற்றவருக்கு நடமாடிக்கொண்டே ஆறு மாதமோ ஒன்பது மாதமோ மருந்து மட்டும். பத்தாண்டுகள் கண்காணித்த 235 பேரைப் பற்றிய முடிவு 1999-இல் வெளிவந்தது. அறுவை பெற்றோருள் 90 விழுக்காட்டினரும், ஆறு மாத மருந்து மட்டும் பெற்றோருள் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாத மருந்து பெற்றோருள் 99 விழுக்காட்டினரும் நல்ல நிலையில் இருந்தனர். தொடக்கத்திலேயே கூன் மிகுந்திருந்த சிறுவர்க்கு மட்டும் மருந்து தனியே போதவில்லை. அவர்கள் கூன் மேலும் வளர்ந்தது. பெரிய கத்தி எப்போதும் பெரிய நன்மை தருவதில்லை என்பதைத் தமிழ் மண்ணின் எளிய நோயாளர் தம் உடலால் உலகுக்குக் கற்பித்தனர்.

ஆயினும் கத்தியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? எல்லா முதுகெலும்பு நோயும் காசநோயால் வருவதன்று. 1911-இல் இரங்கூனில் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசுவாமி என்னும் இருவரும் அதுவரை அறியப்படாத ஒரு கிருமி நோயைக் கண்டனர். மறு ஆண்டு அதைப் பற்றி எழுதினர். 1913-இல் கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வளர்க்கப்பட்ட விலங்குகளிடையேயும் அது தோன்றியது. மெலியோய்டோசிஸ் எனப் பெயர் பெற்ற அந்நோயின் கிருமி, ஈர மண்ணில் வாழ்வது, பகாங் மாநிலத்திலும் காணப்படுவது, நீரிழிவாளரைத் தேடிப் பற்றுவது, எலும்பையும் விட்டுவைக்காதது. இவை போதாவென்று, தோலிலேயே குடியிருக்கும் சாதாரணச் சீழ்க்கிருமிகளும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, காலமும் வேறு. ஒன்றுக்குச் சில வாரம். மற்றொன்றுக்குப் பல மாதம். எக்கிருமி என்று அறியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல்லெறிவதற்கு ஒப்பாகும்.

திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர். நோயுற்றவனின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் எண்ணிப் பார்த்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது அவர் கருத்து. ஈப்போ மருத்துவமனையில் அந்த மூதாட்டியின் படுக்கையருகே நின்ற மருத்துவர்கள் எண்ணிப் பார்த்ததும் இம்மூன்றையே.

முதலில் நோயின் அளவை அறிந்தனர். எம்.ஆர்.ஐ. படத்தில், இடுப்புக்கு மேலுள்ள இரு முள்ளெலும்புகளின் விளிம்புகள் அரிக்கப்பட்டிருப்பதும், இடைத்தட்டு இருந்த இடத்தில் சீழ் திரண்டு ஒரு நரம்பை அழுத்துவதும் தெரிந்தன. எலும்பு அடுக்கு இன்னும் சரிந்துவிடவில்லை. அது நற்பேறு.

அடுத்து நோயுற்றவளின் அளவு. எழுபத்து மூன்று வயது, நீரிழிவு, சற்றே தளர்ந்த சிறுநீரகம், ஆறு வாரம் உண்ணாமலும் உறங்காமலும் மெலிந்த உடல். முதுகை நீளமாகக் கிழித்து, தசைகளை எலும்பினின்றும் பிரித்து, மணிக்கணக்கில் மயக்கத்தில் வைத்துச் செய்யும் அறுவையை அவ்வுடல் தாங்குமா? இரத்த இழப்பு மிகும். புண் ஆறுவது தாமதமாகும். அறுவை வேண்டாம் என்று விட்டுவிடலாமா? மருந்து சீழின் நடுவே செல்லாது. நசுங்கிய நரம்பு காத்திருக்காது. வலியால் அசையாமல் படுத்திருக்கும் முதியவருக்குப் படுக்கையே பகை. நுரையீரலில் சளி தேங்கும், தோல் புண்ணாகும், கால்களில் இரத்தம் உறையும், தசைகள் கரையும். செய்தால் ஒரு துன்பம். செய்யாவிட்டால் பல துன்பம்.

இவ்விரண்டுக்கும் நடுவே அண்மைக் காலம் திறந்த வழிதான் நுண்துளை அறுவை. 1975-இல் ஜப்பானிய மருத்துவர் ஹிஜிகாத்தா, முதுகைக் கிழிக்காமல் தோல் வழியே குழாய் செலுத்தி இடைத்தட்டின் உட்பகுதியை எடுக்கும் முறையை வெளியிட்டார். அன்று அது பிதுங்கிய இடைத்தட்டுக்கு உரிய முறை. பின்னர் நுண்ணிய உள்நோக்கிக் கருவிகள் வந்தன. கதிர்ப்படத்தைப் பார்த்துக்கொண்டே கருவியைச் செலுத்தும் திறம் வளர்ந்தது. சீழ் பிடித்த இடைத்தட்டுக்கும் அதே வாயில் பயன்படலாயிற்று. விரல் நக அளவே உள்ள ஒரு வெட்டு. தசையை அறுக்காமல் விலக்கிச் செல்லும் எழுதுகோல் பருமனான குழாய். அதன் வழியே ஒரு விளக்கும் கண்ணும். சீழை வெளியேற்றுவதும், அழுகிய திசுவைக் கிள்ளி எடுப்பதும், அவ்விடத்தை உப்பு நீரால் கழுவுவதும், கிருமியை அறியச் சிறிது திசுவைச் சோதனைக்கு அனுப்புவதும் அந்த ஒரே துளையால் இயலும். தகுந்தவர்க்கு முழு மயக்கம் இல்லாமலும் இதைச் செய்ய முடிகிறது. எலும்பு அடுக்கு தளர்ந்திருந்தால், சிறு சிறு துளைகள் வழியாகவே திருகாணிகளும் தண்டுகளும் பொருத்தி அதை நிலைநிறுத்துகின்றனர்.

இது எல்லாருக்கும் பொருந்தும் மந்திரமன்று. எலும்பு பெரிதும் சிதைந்து முதுகு சரிந்தவர்க்கும், தண்டுவடத்தைச் சுற்றி நெடுகச் சீழ் பரவியவர்க்கும் இன்றும் திறந்த அறுவை வேண்டியிருக்கலாம். சிலருக்குச் சீழ் மீண்டும் திரளும். மறுபடியும் அறுவை வேண்டும். நரம்பு நசுங்காமல், எலும்பு உறுதியாக இருக்கும் பலருக்கு ஊசியால் சிறிது திசு எடுத்துக் கிருமியை அறிந்து, உரிய மருந்து கொடுத்தாலே போதும். சிறு துளையின் பெருமை அது சிறியது என்பதில் இல்லை. தளர்ந்த உடலின் அளவுக்கு ஏற்றது என்பதில்தான் இருக்கிறது.

மூதாட்டிக்கு அதுவே தீர்மானமாயிற்று. ஒப்புதல் தாளில் கையொப்பமிடும் முன் மகன் தயங்கினான். "இந்த வயதில் முதுகைத் திறக்கலாமா?" என்று கேட்டான். திறப்பதில்லை என்று மருத்துவர் விளக்கினார். படுக்கையில் கிடந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "கை போடு ஐயா. நடக்க முடியாமல் கிடந்து உங்களுக்குப் பாரமாவதற்கு, இது மேல்" என்றாள்.

அறுவை முடிந்த இரவு, ஆறு வாரங்களுக்குப் பின் அவள் உறங்கினாள். அருகிருந்த பேத்தி அவள் மூச்சை எண்ணிக்கொண்டு விழித்திருந்தாள். அறுவைக்கு மறுநாளே அவளைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்தனர். சில நாட்களில் கைப்பிடிச் சட்டத்தைப் பற்றி நடந்தாள். சோதனையில் காலின் புண் வழியே புகுந்த சீழ்க்கிருமியே காரணம் என்று தெரிந்தது. சிறு துளையோடு மருத்துவம் முடிந்துவிடவில்லை. உண்மையில் அப்போதுதான் தொடங்கிற்று. இத்தகைய சீழ்நோய்க்குப் பன்னிரண்டு வார மருந்தைவிட ஆறு வார மருந்து தாழ்ந்ததன்று என்பதைப் பிரான்சு நாட்டில் 351 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2015-இல் காட்டியது. அந்த ஆறு வாரமும் தவறாமல் மருந்து செல்ல வேண்டும், சர்க்கரை அளவு அடங்க வேண்டும், உணவு வேண்டும், நடை வேண்டும். மருந்தின் உறுப்புகளை எண்ணும்போது, அருகிருந்து பேணுபவரையும் வள்ளுவர் சேர்த்து எண்ணியதன் பொருளைப் பேத்தி அந்த நாட்களில்தான் முழுமையாக உணர்ந்தாள். வகுப்பில் பலமுறை படித்த அதிகாரம் அது.

நோயும் அடங்கியது, நோயுற்றவளும் தாங்கினாள். ஆனால் மூன்றாவது அளவு ஒன்று இருக்கிறதே, காலம்! அது மட்டும் முழுமையாகக் கைகூடவில்லை. இடக்காற் பெருவிரல் பழைய வலிமையை அடையவில்லை. நடக்கும்போது அந்தப் பாதம் சற்றே இழுபடும். இரண்டு வாரம் முன்பு வந்திருந்தால் ஒருவேளை இதுவும் மீண்டிருக்கலாம் என்றார் மருத்துவர். அவர் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் அச்சொல் வீட்டார் நெஞ்சில் தைத்தது. அறுவை மருத்துவம் தன் வெட்டை விரல் நக அளவுக்குக் குறுக்கிக்கொண்டது. நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் இடையே உள்ள தொலைவோ அவ்வாறு குறுகிவிடவில்லை. அதில் மலைச்சாலை ஒரு பகுதிதான். "வயதானால் அப்படித்தான்" என்னும் சொல்லே எஞ்சிய பெரும்பகுதி.

அந்தச் சொல்லை முதியவர் சொன்னால் அது பொறுமை. இளையவர் அதை நம்பி ஒதுங்கினால் அது புறக்கணிப்பு. ஓய்விலும் தணியாத வலி, இரவில் மிகும் வலி, காரணமின்றி மெலியும் உடல், தளரும் கால், கட்டுக்கு அடங்காத சிறுநீர் ஆகியவை மூப்பின் மொழியல்ல, நோயின் மொழி. அம்மொழியை அறிய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. கழன்று கிடக்கும் ஒரு செருப்பைக் கண்டு நின்று கேட்கும் மனம் போதும்.

மூதாட்டி மலைக்குத் திரும்பினாள். முதுகில் இருந்த தழும்பைக் காணவேண்டும் என்று அண்டை வீட்டுப் பெண்கள் கேட்டனர். சட்டையை விலக்கிக் காட்டினாள். தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. "இவ்வளவுதானா!" என்று வியந்தார்கள். அவர்களுள் ஒருத்தி, தனக்கும் சில நாட்களாக இரவில் முதுகு வலிப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கூடை சுமந்த முதுகு, வலிக்கத்தானே செய்யும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மூதாட்டி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நானும் அப்படித்தான் சொன்னேன். நாளைக்கே போய்க் காட்டிவிட்டு வா" என்றாள். பள்ளத்தாக்கில் பனி விலகிக்கொண்டிருந்தது.